வேற கடை பாருங்க

பூட்டியிருந்துச்சுங்களா? ஆலங்காட்டுக்கு ரோடு பிரியற பிரிவுல, பேக்கரிக்குப் பக்கத்துல, பச்சை போர்டு மருந்துக்கடைதானுங்களே? அது என்ற கடைதானுங்க தம்பி. அர்த்தநாரி மெடிக்கல்ஸ். நாந்தான் அர்த்தநாரி. உக்காருங்க, உக்காருங்க, பைய மேல வெச்சுருங்க. இந்த பஸ்ஸு ஒவ்வொரு புளியமரத்துக்கும் நின்னு நின்னுதான் திருச்செங்கோடு போய்ச் சேரும். அதுக்குள்ள கடை பூட்டின கதைய நானே சொல்லிர்றேன். ஊர்ல நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவான், அதைக் கேட்டுட்டு நீங்க என்னையத் தப்பா நெனைக்கக் கூடாது பாருங்க.

ஆமா, அப்படி என்ன மருந்துங்க, இந்த வெயில்ல திருச்செங்கோடு வரைக்கும் போய் வாங்கற மருந்து? வழியில ரெண்டு ஊர்லயும் கேட்டுட்டீங்களா? இல்லைன்னுட்டானுங்களா? சேரி சேரி, சொல்ல வேண்டாம். அடுத்தவங்க ஒடம்பு வெசயத்தைத் தோண்டித் துருவிக் கேக்கற ஆளில்லைங்க நான். கண்ணாலமாயிருச்சுங்களா? போன தை மாசமா? நல்லதுங்க. நல்லா இருங்க.

கடையப் பூட்டினது கவர்மென்ட்டு இல்லீங்க. கடன்காரன் இல்லீங்க. என்ற ஊட்டுக்காரி. பூங்கொடின்னு பேரு. பதினெட்டு வருசமா நடந்த கடை, ஒரே நாள்ல பூட்டிட்டா. வெளிய சொன்னா நம்புவாங்களா? எங்கியாச்சும் பொண்டாட்டி புருசன் கடையப் பூட்டுவாளா?

உங்களுக்குப் புரியாது, சொல்றேன். மருந்துக்கடை வெக்கணும்னா மருந்தாளுநர் படிப்பு படிச்ச ஆளு ஒருத்தரு வேணுமுங்க. அவங்க சர்டிபிகேட்டக் கண்ணாடி போட்டுக் கடையில மாட்டணும். அது இல்லாம லைசென்ஸ் கெடையாது. நான் படிச்சது பி.காம். அதனாலென்ன, மருந்து பேரெல்லாம் எனக்கு அத்துபடி. ஆனா சட்டம் ஒத்துக்கணுமில்ல. சுத்துப்பட்டுல பாதிக் கடை வாடகை சர்டிபிகேட்டுலதான் ஓடுது. எவனோ ஒருத்தன் கோயமுத்தூர்ல இருப்பான், அவன் பேரு இங்க தொங்கும். அந்தத் தில்லுமுல்லெல்லாம் எனக்கு ஆகாதுங்க. நான் நேர்மையான ஆளு. சர்டிபிகேட்டையே கண்ணாலம் பண்ணிக்கிட்டேன். பொண்ணு பாக்கப் போனப்ப எங்கம்மா நகை எவ்வளவு போடுவீங்கன்னு கேட்டாங்க. நான் மார்க் ஷீட்டைக் காட்டுங்கன்னு கேட்டேன்.

அப்படி மதிச்சவனுங்க நான். கடையில முருகன் படம், லச்சுமி படம், அதுக்குப் பக்கத்துல அவ சர்டிபிகேட்டு. ஓரத்துல அவ போட்டோ ஒட்டியிருக்கும், காலேஜ்ல ரெட்டை சடை போட்டு எடுத்தது. வெள்ளிக்கெழமையானா எல்லாப் படத்துக்கும் பொட்டு வெக்கறப்ப அதுக்கும் ஒரு பொட்டு. எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் மாலை வாங்கிப் போட்டப்ப அதுக்கும் ஒண்ணு. மேல ஒரு செவப்பு பல்பு. மரியாதைதானுங்களே? ஒரு நாள் புதுசா ஒரு மருந்துக் கம்பெனிப் பையன் ஆர்டர் எடுக்க வந்தான். அண்ணாந்து பாத்துட்டு, பைய கீழ வெச்சுட்டு, கும்பிட்டுட்டு, 'அக்கா தவறி எத்தனை வருசமாச்சுங்க?'ங்கறான். எனக்குச் சிரிப்பு தாங்கலை. ஊட்டுக்குப் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். அவ சிரிக்கலை. 'மாலையக் கழட்டிருங்க'ன்னா. கழட்டலாம் கழட்டலாம்னு இருந்து அது அப்படியே கெடந்துச்சு.

கடையில அவ நிக்க மாட்டாளான்னு கேக்கறீங்களா? எதுக்குங்க? பிரிவுல கண்டவன் வந்து நிப்பான். பொம்பளைய அங்க நிறுத்தி வெச்சுட்டு நான் ஊட்டுல உக்காந்து வெங்காயம் உரிக்கறதா? மருந்து இன்ஸ்பெக்டர் வந்தா மட்டும் போன் பண்ணுவேன். அவ கையில மாவோட ஓடி வந்து, சீலைக்கு மேல வெள்ளைக் கோட்டை மாட்டிக்கிட்டு, கல்லாவுல நிப்பா. அவர் போனதும் கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போயிருவா. என்ன கொறைங்க அதுல? கடை வெசயத்தை ஊட்டுல பேசாதேன்னு மொதல்லயே சொல்லி வெச்சிருந்தேன். அவளும் பேசுனதில்லை. அமைதியாத்தான் போயிக்கிட்டிருந்துச்சு.

எல்லாம் ஒரு மாத்திரையால வந்துச்சுங்க தம்பி. எந்த மாத்திரைன்னா... இந்த முன்சீட்டு அம்மா காதுல விழுகாமச் சொல்றேன். புருசன் பொண்டாட்டி ஒண்ணா இருந்துட்டு, ஐயோ உண்டாயிருமோன்னு பயந்து, மூணு நாளைக்குள்ள போடற மாத்திரை. ஒரே ஒரு மாத்திரை. அதுதான். அதை நான் கடைக்குள்ளயே விடறதில்லை. கொள்கைங்க. ஒரு உசுரு வர்றதைத் தடுக்கறதுக்கு நாம யாரு? வருசா வருசம் காவடி எடுக்கற கை இது. அந்தக் கையில அதை எடுத்துக் குடுக்கறதா? அதுவுமில்லாம நீங்களே யோசிச்சுப் பாருங்க. கண்ணாலமானவளுக்கு அது எதுக்கு? கண்ணாலமாகாதவளுக்கு அது எதுக்கு? ரெண்டு பேருக்கும் வேண்டாதது அப்பறம் கடையில எதுக்கு?

யாராச்சும் வந்து கேட்டா, நான் திட்ட மாட்டனுங்க. 'யாருக்கு?'ன்னு ஒரே ஒரு கேள்விதான். பாதிப் பேரு அதுலயே திரும்பிப் போயிருவாங்க. மீதிப் பேருகிட்ட, 'நம்மகிட்ட இல்லீங்க, வேற கடை பாருங்க'ன்னு தன்மையாச் சொல்லிருவேன். பிரிவுல வேற கடை எங்க இருக்குதுங்கறீங்களா? அது என்ற தப்பா?

எல்லாத்துக்கும் நான் அப்படி இல்லைங்க. பெரிய மனுசங்க சில பேரு வருவாங்க, அறுபதத் தாண்டினவங்க, ஊர்ல மதிப்பானவங்க. வாய தொறந்து கேக்க மாட்டாங்க, கண்ணக் காட்டுவாங்க. அந்த நீல மாத்திரைய பேப்பர்ல மடிச்சுக் குடுத்துருவேன். அவங்ககிட்டப் போயி யாருக்குன்னு கேக்க முடியுங்களா? வயசுக்கு ஒரு மரியாதை இருக்குதில்லீங்க.

இப்ப கதைக்கு வர்றேன். எங்க பக்கமெல்லாம் ரிக் வண்டிக்காரங்க ஊருங்க, தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு. போர் போடற வண்டி. ஆம்பளைங்க ஆந்திரா, மத்தியப் பிரதேசம்னு போயிட்டா மாசக் கணக்குல வர மாட்டாங்க. அப்படி ஒரு பையன், பூபதின்னு. அவன் பொண்டாட்டி கவுசல்யா. பிரிவுக்குப் பின்னால சின்ன ஊடு வாடகைக்கு எடுத்து, கைக்கொழந்தையோட இருந்துச்சு. மாமனாரு தோட்டத்துல இருக்காரு.

ஒரு நாள் காலையில அந்தப் பொண்ணு வந்துச்சு. நைட்டி மேல துண்டு, இடுப்புல கொழந்தை. கடையில ஆம்பளைங்க எல்லாம் போகட்டும்னு ஓரமா நின்னுச்சு. அப்படி நின்னாலே எனக்குத் தெரிஞ்சுரும். கடைசியா வந்து, 'அண்ணா, இந்த மாத்திரை இருக்குதுங்களா?'ன்னு போன்ல படத்தைக் காட்டுச்சு.

'யாருக்கு?'ன்னேன்.

'எனக்குத்தானுங்கண்ணா.'

'உங்க ஊட்டுக்காரரு ஆந்திராவுல இல்ல இருக்காரு?'ன்னு கேட்டேன். கொஞ்சம் சத்தமாக் கேட்டுட்டனாட்ட இருக்குது. என்ற தொண்டையே அப்படித்தானுங்க. பேக்கரியில டீ குடிச்சுக்கிட்டிருந்தவனெல்லாம் திரும்பிப் பாத்தானுங்க.

அது மெதுவாச் சொல்லுச்சு. 'நேத்து பொழுது சாஞ்சு வந்துட்டு விடியறதுக்குள்ள போயிட்டாருங்கண்ணா. எனக்கு ஆபரேசன் பண்ணிக் கொழந்தைய எடுத்து வருசங்கூட ஆகலைங்க. ரெண்டு வருசத்துக்கு உண்டாகவே கூடாது, உசுருக்கு ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.'

எப்படி நம்பறதுங்க? நீங்களே சொல்லுங்க. ரிக் வண்டி என்ன சைக்கிளா? யானையாட்டம் வரும். பிரிவுல திரும்பினா எங்க கடைல பாட்டில் எல்லாம் ஆடும். ஊர்ல எந்த வண்டி வந்துச்சு, எந்த வண்டி போச்சுன்னு எனக்குத் தெரியாதது இல்லை. அந்த வாரமே ஒரு வண்டியும் திரும்பலை. அப்பறம் புருசன் எதுல வந்தான், ஆகாசத்துலயா? எனக்கு மனசுல பட்டுருச்சு. 'டாக்டர் சீட்டு கொண்டாம்மா'ன்னேன். 'இதுக்கு சீட்டு வேண்டியதில்லை, கடையிலயே குடுப்பாங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்களே'ன்னுச்சு. எனக்கே சட்டம் சொல்லித் தருது. 'நம்மகிட்ட இல்லைம்மா, வேற கடை பாரு'ன்னுட்டேன்.

மத்தியானம் மறுபடியும் வந்துச்சு. 'திருச்செங்கோடு போயிட்டு வர்ற வரைக்கும் கொழந்தையப் பாத்துக்க ஆளில்லைங்கண்ணா. உங்களுக்கு மருந்து போடற வண்டியில சொல்லி ஒண்ணே ஒண்ணு வரவழைச்சுக் குடுங்க'ன்னு கெஞ்சுச்சு. கண்ணுல தண்ணி நின்னுச்சு. எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு, இல்லைங்கலை. ஆனா கொள்கைன்னு ஒண்ணு வெச்சுட்டா, அழுதா ஒரு நாயம், சிரிச்சா ஒரு நாயம்னு பாக்க முடியுங்களா?

அன்னைக்கு சாயங்காலம் அதோட மாமனாரு செல்லப்பண்ணன் வந்தாரு. ரத்தக் கொதிப்பு மாத்திரை எப்பவும் நம்மகிட்டத்தான். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலைங்க. 'ஏனுங்கண்ணா, மருமகளுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே? ரெண்டு வாட்டி கடைக்கு வந்துச்சு. பூபதியும் ஊர்ல இல்லாத நேரம், கொஞ்சம் பாத்துக்கங்க'ன்னேன். என்ன மாத்திரைன்னு கேட்டாரு. கேட்டா சொல்லணுமில்லீங்க? ஒரு அக்கறையிலதான் சொன்னேன். ஒரே ஊரு, நாளைக்கு ஒண்ணுன்னா நமக்கும் பொறுப்பு இருக்குதில்ல.

அந்த மனுசன் கொஞ்சம் அவசரக்காரரு. நேரா போயி வாசல்ல நின்னு சத்தம் போட்டு, போனைப் புடுங்கி வெச்சுக்கிட்டு, மருமகளையும் கொழந்தையையும் தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயி ஊட்டோட வெச்சுட்டாரு. பூபதிக்கு வெவரம் தெரிஞ்சு அவன் அப்பனுக்குப் போன் பண்ணி, 'நாந்தானப்பா வந்துட்டுப் போனேன்'னு கத்தறதுக்குள்ள நாலஞ்சு நாள் ஓடிப்போச்சு. வண்டி ஆந்திராவுல இருந்து கேரளாவுக்குப் போயிருக்குது. பைபாஸ்லயே இவன் மட்டும் எறங்கி, சிநேகிதன் பைக்குல ஊட்டுக்கு வந்துட்டு, மறுபடி பைபாஸ் போயி வேற வண்டி புடிச்சுப் போயிருக்கான். பிரிவுக்கே வரலை. இதையெல்லாம் நான் எப்படிங்க கண்டேன்? பிரிவு வழியா வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். தப்பு யாரு மேல?

அந்த மாத்திரைக்குக் கெடு தாண்டிருச்சு. உண்டாயிருச்சு. அதுலயும் பாருங்க, போன ஆபரேசன்ல தையல் போட்ட எடத்துலயே கரு ஒட்டிக்கிச்சாம். அப்படியெல்லாம் ஆகுமுன்னு எனக்கென்னங்க தெரியும்? ஒரு நாள் ரத்தமாக் கொட்டி, சேலம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. பாட்டில் பாட்டிலா ரத்தம் ஏத்துனாங்க. கர்ப்பப்பையவே எடுத்தாத்தான் ஆளு தங்கும்னு எடுத்துட்டாங்க. ஆனா பொழைச்சுக்கிச்சுங்க. அதத்தான் எல்லாரும் மறந்தர்றாங்க. பொழைச்சுக்கிச்சு! ஒரு கொழந்தை இருக்குது, ஆம்பளைப் பையன், அது போதாதுங்களா? அந்தப் பொண்ணு பேருல நானே மலைக்குப் போயி ஒரு அர்ச்சனை பண்ணேன். அதை யாரும் சொல்ல மாட்டாங்க.

பூபதி கடைக்கு வந்தான். அடிக்கப் போறான்னுதான் நெனைச்சேன். அவன் ஒண்ணும் பண்ணலை. செவுத்தையே பாத்துக்கிட்டு நின்னான். சர்டிபிகேட்டைப் படிச்சான், வாய்விட்டு. 'பூங்கொடி. பதிவு பெற்ற மருந்தாளுநர்.' அப்பறம், 'இவங்க உசுரோட இருக்காங்களா?'ன்னு கேட்டான். அந்த மாலைதானுங்க காரணம். 'இருக்கா இருக்கா, ஊட்டுல இருக்கா'ன்னேன்.

'இவங்கதான் இல்லைன்னு சொன்னாங்களா?'

'அவளுக்கு ஒண்ணும் தெரியாதப்பா, நாந்தான்.'

'அப்ப இவங்க பேரு எதுக்கு இங்க?'ன்னுட்டு நேரா எங்க ஊட்டுக்குப் போயிட்டான்.

என்ன பேசுனான்னு எனக்குத் தெரியாது. அவ அன்னைக்கே பஸ்ஸேறி சேலத்துக்குப் போயி அந்தப் பொண்ணைப் பாத்துட்டு வந்தா. வந்து சோறு போட்டா. நானும் சேரி, கடை வெசயம்தான, ஊட்டுல எதுக்குன்னு சாப்பிட்டுப் படுத்துட்டேன். மறுநாள் காலையில இன்ஸ்பெக்டரும் வரலை, ஒருத்தரும் வரலை, அவ பாட்டுக்குக் கடைக்கு வந்தா. ஆணியில இருந்த வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டா. ஸ்டூலைப் போட்டு ஏறி, சர்டிபிகேட்டைக் கழட்டி எறக்குனா. மாலைய உருவி கல்லா மேல வெச்சா. அப்பறம் பொட்டைத் தொடைச்சா.

'என்ற பேருக்குக் கீழ நின்னு அந்தப் பொண்ணை இல்லைன்னு அனுப்பியிருக்கீங்க'ன்னா.

நான் எடுத்துச் சொன்னனுங்க, பொறுமையாத்தான் சொன்னேன். கருவக் கலைக்கறது பாவம், அந்தப் பாவம் நம்ம கடைக்கு வேண்டாம்னு. அதுக்கு அவ, 'அது கருவக் கலைக்கற மாத்திரை இல்லை. கரு உண்டாகாமப் பாத்துக்கற மாத்திரை. உண்டான பொறகு போட்டா அது ஒண்ணும் செய்யாது. இதை மொத வருசத்துலயே படிச்சுட்டேன் நான். நீங்க ஒரு நாளாச்சும் என்னையக் கேட்டிருக்கலாம்'ன்னா. சேரி, இருந்துட்டுப் போகட்டும். மாத்திரை எப்படி வேலை செய்யுதுங்கறதா இப்பப் பிரச்சினை? கொள்கைதானுங்க பிரச்சினை.

அந்தக் கொள்கைய நான் ஊருக்கு ஒண்ணு, ஊட்டுக்கு ஒண்ணுன்னு வெச்சவனில்லை தம்பி. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. எங்களுக்குப் பெரியவ பொறந்து ஏழெட்டு மாசம் இருக்கும். இவ கவர்மென்ட்டு ஆஸ்பத்திரி மருந்தாளுநர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தா. கூப்பிட்டுட்டாங்க, அடுத்த மாசம் போகணும். அந்த நேரத்துல ஒரு நாள் காலையில சமையல்கட்டுல நின்னுக்கிட்டு, 'எனக்கு அந்த மாத்திரை ஒண்ணு வேணுங்க, கொண்டு வாங்க'ன்னா. நான், 'நம்ம கடைல அது இல்லையே'ன்னேன். 'வாங்கிட்டு வாங்க'ன்னா. நானே போயி இன்னொருத்தன் கடையில நின்னு அதைக் கேக்கறதா? மானம் போயிராதுங்களா? 'வேணும்னா நீ வேற கடை பாத்துக்க'ன்னு வெளையாட்டாச் சொல்லிட்டு வந்துட்டேன். கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு அவ எங்க போறா. அப்படித்தான் சின்னவன் வந்தான். அவளுக்கு ஒரே வாந்தி, படுத்த படுக்கை, வேலைக்குக் கூப்புட்ட தேதியும் போச்சு. போனாப் போகுதுன்னு நான்தான் சமாதானம் பண்ணேன். நமக்குத்தான் சொந்தக் கடை இருக்குதேன்னேன். பாருங்க, கட்டின பொண்டாட்டிக்கே இல்லைன்னு சொன்னவன் நான். அப்படிப்பட்டவன் ஊரான் பொண்டாட்டிக்குக் குடுத்திருந்தா, அது நாயமா?

இதையே அன்னைக்குக் கடையில அவகிட்டச் சொன்னேன். 'அன்னைக்கு அந்த மாத்திரையக் குடுத்திருந்தா நம்ம சின்னவன் இருப்பானா? சொல்லு, அவன் வேண்டாங்கறயா?'ன்னு கேட்டேன். மடக்கிட்டேன்னு நெனைச்சேன். அவ சர்டிபிகேட்டைத் துண்டுல சுத்திக்கிட்டே, 'அவனை நான் பெத்தேன், வளத்தேன், அவன் என்ற உசுரு. அது வேற. அன்னைக்கு நான் கேட்டதுக்கு நீங்க சொன்ன பதில் இருக்குது பாருங்க, அது வேற'ன்னா. வாசப்படி எறங்கிட்டுத் திரும்பி, 'வேற கடை பாத்துக்கன்னு சொன்னீங்கள்ல? பாத்துட்டேன்'னா. அவ்வளவுதான். இத்தனை வருசம் கழிச்சு! ஒரு நாள் முகஞ்சுளிச்சிருப்பாளா, ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா? ஒண்ணுமே இல்லீங்க. மறந்துட்டான்னுதான நான் நெனைச்சேன்.

கோச்சுக்கிட்டு அம்மா ஊட்டுக்குப் போயிட்டான்னு நெனைக்கறீங்களா? அப்படிப் போயிருந்தாக்கூட நாலு பெரிய மனுசங்களக் கூட்டிக்கிட்டுப் போயி பேசிக் கூட்டியாந்துரலாம். எங்கியும் போகலைங்க! ஊட்டுலதான் இருக்கா. காலையில சோறாக்கி வெச்சுட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு, திருச்செங்கோட்டுல ஒரு ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்பல இருக்கற மருந்துக்கடைக்கு வேலைக்குப் போயிர்றா. சாயங்காலம் வந்தர்றா. இங்க வேலைய விட்டுட்டேன்னு லைசென்ஸ் ஆபீசுக்கும் எழுதிப் போட்டுட்டா. இன்ஸ்பெக்டர் வந்து, வேற ஆளு வர்ற வரைக்கும் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு. வேற ஆளு எங்க கெடைக்குது? கெடைச்சாலும் அவன் சர்டிபிகேட்டைப் பாத்து ஊரே கேக்காதா, ஊட்டுக்காரியோடது எங்கன்னு?

ஊட்டுல பேச்செடுத்தா என்ன சொல்றா தெரியுங்களா? 'கடை வெசயத்தை ஊட்டுல பேசக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. கடைக்கு வந்து பேசுங்க'ங்கறா. இதுக்குப் பையனும் பொண்ணும் சிரிக்குதுங்க. என்ற சோத்தைத் தின்னுட்டு!

போனேன். போன வாரம் போனனுங்க. ஒரே பொம்பளைங்க கூட்டம். எல்லாரும் போகட்டும்னு ஓரமா ஒதுங்கி நின்னேன். ஒருத்தி போனா ரெண்டு பேரு வர்றாங்க. வெள்ளைக் கோட்டோட உள்ள நிக்கறா. அவகிட்ட ஒவ்வொருத்தியும் குசுகுசுன்னு என்னமோ கேக்கறா, இவ எடுத்துக் குடுக்கறா, எப்படிப் போடணும்னு சொல்றா. எதுக்கு, யாருக்குன்னு ஒரு கேள்வி இல்லை. என்னையப் பாத்துட்டா. பாத்துட்டு, 'அடுத்தது யாருங்க? உங்களுக்கு என்னங்க வேணும்?'ங்கறா. புருசனைப் பாத்து!

'சர்டிபிகேட்டு வேணும்'னேன், மெதுவாத்தான் சொன்னேன்.

'யாருக்கு?'ன்னா.

அவ்வளவு சத்தமா அவ பேசி நான் கேட்டதே இல்லை தம்பி. அத்தனை பொம்பளைங்களும் திரும்பிப் பாத்தாங்க. என்ற காதெல்லாம் சூடாயிருச்சு. 'எனக்குத்தான்'னு முணுமுணுத்தேன். ஒரு மனுசனைப் பத்துப் பேருக்கு நடுவுல நிக்க வெச்சு இப்படியா கேக்கறது? ஈவு இரக்கம் வேண்டாமுங்களா?

அப்பறம் ஓரமாக் கூப்பிட்டுச் சொன்னா. 'மொதல்ல அந்த மாத்திரைய வாங்கி வைங்க. வந்து கேக்கறவங்களுக்கு வாயத் தொறக்காமக் குடுங்க. கல்லாவுல நான் நிப்பேன். செல்லப்பண்ணன் ஊட்டுக்குப் போயி அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளுங்க. அப்பறம் சர்டிபிகேட்டைப் பத்திப் பேசலாம்'னா. என்னென்னமோ அடுக்கிக்கிட்டே போனா, எல்லாமா ஞாபகத்துல நிக்குது? மொதல்ல சொன்னது நின்னுச்சு. மாத்திரைய வாங்கி வெக்கணும்.

வாங்கிட்டனுங்க! இதா பாருங்க, இந்தப் பையிலதான் இருக்குது. ஈரோட்டுல மொத்தக் கடையில போயி ஒரு பெட்டி முழுசா வாங்குனேன். அந்தக் கடைக்காரன் எனக்கு பதினெட்டு வருசப் பழக்கம். என்னங்க அர்த்தநாரி, கொள்கை என்னாச்சுன்னு சிரிச்சான். சிரிச்சுட்டுப் போகட்டும். பொண்டாட்டிக்காக ஒரு மனுசன் எவ்வளவு எறங்கி வர்றது? நீங்களே சொல்லுங்க. இதைக் கொண்டுபோயி அவ கல்லா மேல டப்புன்னு வெக்கப் போறேன். பாத்துக்கடி, வாங்கிட்டேன், எடு சர்டிபிகேட்டைங்கப் போறேன். அதுக்கு மேல அவ என்ன சொல்ல முடியும்?

என்னங்க தம்பி? என்ன கேட்டீங்க? பஸ்ஸு சத்தத்துல...

இதுல ஒண்ணா?

ஓ. அதுதானுங்களா நீங்க தேடிக்கிட்டு அலைஞ்சது. யாருக்கு? ஊட்டுக்காரம்மாவுக்கா? மூணாவது நாளா? இன்னைக்குப் பொழுதுக்குள்ள போடணுமா? ஏனுங்க, தை மாசம் கண்ணாலம் பண்ணிக்கிட்டு, இப்பவே எதுக்கு... படிச்சுக்கிட்டிருக்குதா? பரீட்சை இருக்குதா? பரீட்சை அடுத்த வருசமும் வருமுங்களே. பெரியவங்களுக்குத் தெரியுமா? உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீங்களா?

இல்லீங்க தம்பி. காசு குடுப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா, அதுக்கில்லை. பெட்டிய ஒடைச்சுட்டா ஒண்ணு கொறையுது பாருங்க, அவ எண்ணிப் பாப்பா. இது விக்கறதுக்கு வாங்கினது இல்லீங்க. அவகிட்டக் காட்டறதுக்கு வாங்கினது. அப்படிப் பாக்காதீங்க தம்பி. ஒரு மாதிரி இருக்குது. அந்தப் பொண்ணும் இப்படித்தான் பாத்துச்சு.

ஒண்ணு பண்ணுங்க. இதா, ஸ்டேண்டு வந்துருச்சு. எறங்கி நேராப் போயி, மணிக்கூண்டு தாண்டினா ஆஸ்பத்திரி, அதுக்கு எதுத்தாப்பல கடை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு ஒரு அம்மா நிப்பாங்க. அவங்களைக் கேளுங்க. ஏன், எதுக்கு, யாருக்குன்னு ஒண்ணும் கேக்க மாட்டாங்க, குடுத்துருவாங்க. நீங்க மொதல்ல போங்க. நான் கொஞ்ச நேரம் கழிச்சு வர்றேன்.

நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிராதீங்க.